ஆரைச்சிறையின்ட பரப்பளவு: முதல் ரொட்டிய வெட்டுங்கோ

ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிற பிள்ளைகளிட்ட ஆரைச்சிறை (வட்டத்தில ரெண்டு ஆரைக்கு நடுவில வாற துண்டு) எண்டு சொன்ன உடன சூத்திரத்தைத்தான் ஒப்புவிக்குதுகள், அது முழு வட்டத்தில எத்தினை பங்கு எண்டு ஒருத்தரும் முதல்ல பாக்கிறேல்ல, பிழைக்கிறதே அதிலதான்.

எங்கட வீட்டில விடிய சுட்ட தேங்காய்ப்பூ ரொட்டி ஒண்டை எடுத்து மருமகனுக்கு முன்னால வச்சன், குறுக்க அளந்தா 14 சென்ரிமீற்றர், அப்ப ஆரை 7. (கனபேர் இந்த 14ஐயே ஆரையா போட்டிடுவினம், விடை நாலு மடங்காயிடும், கவனம்.) முழு ரொட்டி 22/7 × 7 × 7, 154 சதுர சென்ரிமீற்றர். நாலா வெட்டினா ஒரு துண்டுக்கு 38.5. நடுவில கோணம் 90 பாகை, 360ல நாலில ஒண்டு, அவ்வளவுதான் கணக்கு. 45 பாகை எண்டா அதிலயும் பாதி, 19.25. எந்தக் கோணம் தந்தாலும் 360ஆல பிரிச்சு முழு வட்டத்தின்ட பரப்பளவால பெருக்குங்கோ.

கோணம் தராம வில்லின்ட (துண்டின்ட வளைஞ்ச ஓரத்தின்ட) நீளம் தந்தா இன்னும் லேசு. துண்டை மெல்லிய மெல்லிய கீற்றா வெட்டினதா நினையுங்கோ, ஒவ்வொண்டும் கிட்டத்தட்ட முக்கோணம், உயரம் ஆரை, அடியெல்லாம் சேர்த்தா வில். அதால அரைவாசி × வில் × ஆரை. எங்கட கால் ரொட்டித் துண்டுக்கு வில் 11 (முழு ரொட்டியின்ட சுற்றளவு 2 × 22/7 × 7 = 44, அதில நாலில ஒண்டு), ½ × 11 × 7, அதே 38.5 வருது பாருங்கோ. சுற்றளவு கேட்டா மட்டும் ரெண்டு ஆரையையும் கூட்ட மறக்காதேங்கோ, 11 + 7 + 7 = 25.

இப்ப ஆடு. சாம்பல்தீவுப் பக்கம் ஒரு வீட்டு மூலையில வெளிப்பக்கமா 10.5 மீற்றர் கயித்தில ஆட்டைக் கட்டியிருக்கு எண்டு வைப்பம், வீடு 12 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலம். மூலை 90 பாகையை மறைக்குது, மிச்சம் 270. முழு வட்டம் 346.5, அதில முக்கால் 259.875. இதோட பேனையை வச்சிட்டா பிழை, ஏனெண்டா 7 மீற்றர் சுவர் முடிஞ்ச பிறகும் கயிறு 3.5 மீற்றர் மிச்சம் இருக்கு, ஆடு அந்த மூலையால திரும்பி இன்னொரு கால்வட்டம் மேயும், அது 9.625. மொத்தம் 269.5 சதுர மீற்றர். படம் கீறி ரெண்டு சிறையையும் வேற வேற நிறத்தில தீட்டுங்கோ, ஆரை மாறின இடம் அப்பதான் கண்ணில படும்.