ஒரு சாதாரண பிரெஞ்சுச் சிப்பாயின் பதுங்குகுழி வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து தேடி எடுப்பது எப்படி

முதல் உலகப் போரைப் பற்றிப் படிப்பவர்களில் பெரும்பாலோர் தளபதிகளில் தொடங்கி வரைபடத்து அம்புக்குறிகளோடு முடித்துவிடுகிறார்கள். பிரான்ஸ் 1914க்கும் 1918க்கும் இடையில் ஏறக்குறைய 80 லட்சம் பேரைப் படைக்கு அழைத்தது, அவர்களில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. இந்த எண்களை எத்தனை முறை படித்தாலும் ஒரு ஆள்கூடக் கண்ணுக்குத் தெரிய மாட்டார். அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், யாரோ ஒரு விவசாயி அல்லது தச்சர், அவருடைய போரை நாள்வாரியாகக் கட்டிப் பாருங்கள். தேவையான ஆவணங்களில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிரெஞ்சு தெரியாதவர்கள் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துச் சமாளிக்கலாம், கையெழுத்துப் பக்கங்களுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பெயருக்கு எங்கே போவது? பிரான்சில் ஏறக்குறைய எல்லாக் கிராமங்களிலும் ஒரு போர் நினைவுத்தூண் உண்டு, அதில் இறந்தவர்களின் பெயர் வெட்டியிருக்கும். அப்படி ஒரு பெயரை எடுத்துக்கொண்டு பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெஸ் ஓம்' தளத்துக்குப் போங்கள். நாட்டுக்காக இறந்ததாகப் பதிவான ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு அட்டை இருக்கிறது: பிறந்த நாள், ஊர், ரெஜிமென்ட் (அவர் இருந்த படைப்பிரிவு), இறந்த நாள், இடம், எப்படி இறந்தார் என்பது எல்லாம் அதிலேயே. இந்த அட்டையில் இரண்டு விஷயங்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒன்று, அதில் இரண்டு பதிவெண்கள் இருக்கும், ஒன்று ரெஜிமென்ட் கொடுத்தது, மற்றது ஆள்சேர்ப்பு அலுவலகம் கொடுத்தது. அடுத்த கட்டத்துக்கு வேண்டியது இரண்டாவதுதான். இன்னொன்று, உடல் கிடைக்காமல் காணாமல்போனவராக இருந்தால் அட்டையின் கீழ்ப்பகுதியில் நீதிமன்றத் தீர்ப்பின் தேதி ஒன்று இருக்கும், 1920, 1921 என்றெல்லாம் வரும். அது இறந்த தேதி இல்லை, அவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றம் அறிவித்த தேதி.

சரி, அப்புறம் மாவட்ட ஆவணக் காப்பகம். பிரெஞ்சு ஆண்கள் எல்லோரும் 20 வயதில் ராணுவப் பதிவேட்டில் ஏற்றப்பட்டார்கள், பிறந்த ஆண்டோடு 20ஐக் கூட்டினால் அவருடைய ஆள்சேர்ப்பு ஆண்டு வந்துவிடும். 1892இல் பிறந்தவர் 1912ஆம் ஆண்டுக்காரர், அதாவது போர் வெடித்தபோது ஏற்கெனவே படைவீட்டில் இருந்தவர், பிழைத்திருந்தால் 1919இல்தான் வீட்டுக்கு வந்திருப்பார். அந்தப் பதிவேட்டின் ஒரே பக்கத்தில் உயரம், கண் நிறம், தொழில், பட்ட காயங்கள், வாங்கிய தண்டனைகள் வரை இருக்கும். படிப்புக்குக்கூட ஒரு எண் போட்டிருப்பார்கள்: 0 என்றால் எழுதப்படிக்கத் தெரியாதவர், 3 என்றால் எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தவர். எனக்கு இந்தப் பக்கம்தான் எல்லாவற்றிலும் நெருக்கமானது, பெயராக இருந்தவர் இங்கேதான் முகமும் உடம்புமாக ஆகிறார்.

ரெஜிமென்ட் எண்ணிலும் செய்தி உண்டு. காலாட்படையில் 200க்கு மேற்பட்ட எண் பெரும்பாலும் ரிசர்வ் ரெஜிமென்ட், மூல ரெஜிமென்ட்டின் எண்ணோடு 200ஐக் கூட்டி அமைத்தது. 46இன் ரிசர்வ் 246. பிராந்தியப் படை என்று குறித்திருந்தால் அவர் முப்பதுகளின் நடுவையாவது எட்டியவர், அநேகமாகப் பிள்ளைகுட்டிக்காரர்.

இனிமேல்தான் உண்மையான வேலை. முதலில் பார்த்த 'மெமுவார் தெஸ் ஓம்' தளத்திலேயே ரெஜிமென்ட்டுகளின் போர் நாட்குறிப்புகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அதிகாரிகள் எழுதியவை, சிப்பாயின் பெயர் அபூர்வமாகத்தான் வரும், அதுவும் இறந்தோர், காயம்பட்டோர் பட்டியல் இருக்கும் நாட்களில். பலரும் அவர் இறந்த நாளை நேராகத் திறந்து படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நோட்டில் ஐந்து பத்தி கோடு போட்டு, தேதி, இடம், முன்வரிசையா துணைவரிசையா ஓய்வா, வானிலை, இழப்பு என்று ஒரு மாதம் முழுக்க நிரப்புங்கள். சில நாள் முன்வரிசைக் குழியில், சில நாள் பின்னால், சில நாள் ஏதோ கிராமத்து வைக்கோல் கொட்டகையில் என்று ஒரு சுழற்சி தெரியவரும். குறிப்பிட எதுவும் இல்லை என்று எழுதிய நாளில்கூட இழப்புப் பத்தியில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். இந்த மாதிரி நாட்களால் ஆனதுதான் அந்தச் சிப்பாயின் போர். தாக்குதல் நாட்கள் குறைவு.

அந்த நாட்களுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். பகலில் தலை நீட்ட முடியாது, அதனால் குழி வெட்டுவது, முள்கம்பி சரிசெய்வது, சாமான் சுமப்பது எல்லாம் இரவில். பின்னாலிருந்த சமையல் வண்டியிலிருந்து சாப்பாடு எடுத்துவரச் சிலர் ரொட்டிகளைக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு இணைப்புக் குழிகள் வழியாகச் சேற்றில் நடப்பார்கள், வந்து சேரும்போது சூப் ஆறிப்போயிருக்கும், சில இரவுகளில் ஆளே வந்து சேர மாட்டார். டின் மாட்டிறைச்சியை அவர்கள் 'குரங்கு' என்றே அழைத்தார்கள். ஒயின் 1914இல் நாளுக்குக் கால் லிட்டர், 1916இல் அரை லிட்டர் ஆனது. எலி, சீலைப்பேன், நனைந்த கால். சம்பளம் தொடக்கத்தில் நாளுக்கு 5 சென்டிம் (நூறு சென்டிம் ஒரு பிராங்க்), பிறகு 25. வீட்டுக்குக் கடிதம் போடத் தபால் செலவு இல்லை, ஆனால் தணிக்கை உண்டு, மனைவி பயப்படுவாரே என்று சிப்பாயே மறைத்ததும் உண்டு. குடும்பங்கள் வெளியிட்ட கடிதங்களைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள். 1915 கோடைவரை முறையான விடுப்பே கிடையாது என்பதையும் அந்த நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், ஓர் ஆண்டு வீட்டைப் பார்க்காத மனிதர் அவர்.

1916 பிப்ரவரி 21க்கும் டிசம்பர் 18க்கும் இடையில் ரெஜிமென்ட் பார்-லெ-துக் நகரத்துப் பக்கம் போனதாக வந்தால், அந்த மாதங்களில் நடந்த வெர்டன் போருக்குத்தான் என்று ஊகிக்கலாம். 1917 ஏப்ரலில் ஷெமான் தே தாம் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை நடத்திய தாக்குதல் தோற்றபின் மே, ஜூனில் பல ரெஜிமென்ட்டுகள் முன்வரிசைக்குப் போக மறுத்தன, வீண் தாக்குதல் வேண்டாம், விடுப்பு வேண்டும், ஓய்வு வேண்டும் என்றார்கள். உங்கள் ஆள் அப்போது எங்கே இருந்தார் என்று கட்டாயம் பாருங்கள்.

புகைப்படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கழுத்துப்பட்டையில் ரெஜிமென்ட் எண் இருக்கும். ஏட்ரியன் இரும்புத் தொப்பி தலையில் இருந்தால் படம் 1915 இலையுதிர் காலத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு குறைவு. 1916 முதல் இடது கையில் வி வடிவப் பட்டைகள் வந்தன, முதல் பட்டை போர்முனையில் ஓராண்டுக்கு, அடுத்த ஒவ்வொன்றும் ஆறு மாதத்துக்கு. வலது கைப் பட்டைகள் காயங்களுக்கு.

உயிரோடு திரும்பியவரைத் தேடுகிறீர்கள் என்றால் இறந்தோர் அட்டைகளில் கிடைக்க மாட்டார், நேராக மாவட்டப் பதிவேட்டுக்குப் போங்கள், 'கிராண்ட் மெமோரியால்' தளம் பல மாவட்டங்களை ஒரே இடத்தில் தேட உதவும். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் படைக்குப் போனவர்களும் உண்டு, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவிடம் அவர்களுக்கானதுதான். அந்தக் குடும்பங்களுக்கு எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் பிறப்பு, திருமணப் பதிவேடுகள் பயன்படும். தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு உச்சரிப்பில் எழுதியிருப்பார்கள், 'சுப்பராயன்' என்பதன் 'சு'வுக்கே மூன்று எழுத்து போட்டிருப்பார்கள், ஆகவே ஒரு எழுத்துமுறையில் வராவிட்டால் அடுத்ததைப் போட்டுப் பாருங்கள், பிறந்த தேதி தெரிந்தால் அதையும் சேர்த்துத் தேடுங்கள்.