ரெஃப்ரியிடம் வாய் கொடுக்க வேண்டாம்: ரக்பிக்கு வரும் கபடிப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ரக்பிப் பந்தைக் கையில் எடுக்கிற பிள்ளைகளில் பலர் கபடியில் ஊறியவர்கள். மோதலுக்குப் பயப்படாதவர்கள், அதனால் டேக்கிள் (பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்துவது) சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறது. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. ஊர்க் கபடியில் ஒரு பாயிண்ட் தகராறானால் ரெண்டு டீமும் அம்பயரைச் சுற்றி நின்றுவிடும். விழாக் கமிட்டிக்காரர்கள் மைக்கைப் பிடிப்பார்கள். பெரியவர் ஒருவர் உள்ளே வந்து சமாதானம் பேசுவார். சில நேரம் பேசியே பாயிண்டை வாங்கிவிடலாம். ரக்பியில் அந்தக் கதவே கிடையாது. பேசப் பேச நஷ்டம்தான், அந்த நஷ்டம் மீட்டர் கணக்கிலும் ஆள் கணக்கிலும் அங்கேயே வந்து சேரும்.

ரக்பி யூனியன் சட்டங்களில் 9-வது சட்டம் ஃபவுல் பிளே பற்றியது. குத்துவது, மிதிப்பது, தோளுக்கு மேலே டேக்கிள் போடுவது எல்லாம் வரிசையாக வருகிற அதே சட்டத்தில்தான், ரெஃப்ரியின் முடிவை எதிர்த்து வாதாடக் கூடாது, விசில் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதும் எழுதியிருக்கிறது. ஒருவனைக் குத்துவதும் ரெஃப்ரியிடம் மல்லுக்கட்டுவதும் ஒரே சட்டத்துக்குள் அடக்கம். நம் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். பந்தைப் பின்னால் பாஸ் பண்ணச் சொல்லித்தருகிறோம், இதைச் சொல்லித்தருவதில்லை.

பத்து பத்து மீட்டராகப் போகும் நிலம்

உங்கள் டீம் மீது பெனால்டி கொடுத்தாகிவிட்டது, இடம் நடுக்கோடு. அங்கிருந்து போஸ்டுக்கு 50 மீட்டர். பள்ளிக்கூட அளவில் அந்தத் தூரத்திலிருந்து கோல் அடிக்கும் கிக்கர் அரிது. இந்த நேரத்தில் ஒருவன் ரெண்டு கையையும் விரித்து, “என்ன சார் இது!” என்கிறான். ரெஃப்ரி ஒரு கையை நீட்டி, வாய் பேசுவது போல விரல்களைத் திறந்து மூடிக் காட்டுவார். முடிவை எதிர்த்துப் பேசியதற்கான சைகை அது. அப்படியே 10 மீட்டர் முன்னால் நடந்து போய்ப் புது இடத்தைக் காட்டுவார். இப்போது 40 மீட்டர். “அவன்தான் சார் முதல்ல புடிச்சான்” என்று இன்னொருவன் ஆரம்பித்தால் மறுபடியும் நகரலாம். 30 மீட்டரில், போஸ்டுக்கு நேராக நின்றால் சுமாரான கிக்கரே 3 பாயிண்ட் எடுத்துவிடுவான். செய்த தப்புக்குக் கிடைத்தது ஒரு பெனால்டிதான். அதை ஸ்கோராக மாற்றிக் கொடுத்தது ரெண்டு பேரின் வாய்.

இதைவிட அதிகம் நடக்கிற நஷ்டம் ஒன்று உண்டு. பெனால்டி வாங்கிய டீம் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பந்தைக் காலால் தொட்டுவிட்டு உடனே ஓடலாம். நீங்கள் ரெஃப்ரி முகத்தைப் பார்த்து நிற்கும்போது அவர்களின் ஸ்க்ரம் ஹாஃப் (பந்தை எடுத்துக் கொடுக்கும் வீரன்) உங்களைத் தாண்டிப் போயிருப்பான். பெனால்டி இடத்திலிருந்து 10 மீட்டர் பின்வாங்காமல் அங்கிருந்தே கையைப் போட்டுத் தடுத்தால் அது அடுத்த குற்றம், மஞ்சள் அட்டை வரைக்கும் போகும். ஆகவே விசில் கேட்டதும் கேள்வி வேண்டாம், திரும்பிப் பின்னால் ஓடுங்கள். பயிற்சியிலேயே இதைப் பழக்கிவிடலாம். பி.டி. சார் விசில் ஊதும் ஒவ்வொரு முறையும் யாரும் வாய் திறக்காமல் 10 மீட்டர் பின்னால் ஓடி வரிசையாக நிற்க வேண்டும்.

பெனால்டி உங்கள் பக்கம் வந்தாலும் அடக்கம் தேவை. எதிர் டீம்காரனின் முகத்துக்கு நேராகக் கத்துவது, விசிலுக்குப் பிறகு ஒரு தள்ளு தள்ளுவது என்று போனால் ரெஃப்ரி அந்தப் பெனால்டியை அப்படியே திருப்பி அவர்களிடம் கொடுத்துவிடலாம்.

அப்புறம், கையைத் தூக்கி அப்பீல் கேட்டுக்கொண்டு நிற்பது. குற்றம் நடந்தாலும் பாதிக்கப்பட்ட டீமுக்கு லாபம் இருந்தால் ரெஃப்ரி ஆட்டத்தை ஓடவிடுவார். அவர் பார்க்கவில்லை என்று நினைத்து நின்றுவிடுகிறவன் தன் டீமின் அட்வான்டேஜைத் தானே கெடுத்துக்கொள்கிறான்.

கேட்க வேண்டியதைக் கேப்டன் கேட்கட்டும்

எதையுமே கேட்கக் கூடாது என்பதல்ல. கேப்டன் போகலாம், ஆட்டம் நின்றிருக்கும்போது, தனியாக.

“சார், அந்தப் பெனால்டி எதுக்குன்னு சொன்னீங்கன்னா பசங்களுக்கு சொல்லிடுவேன்.”

“ஏழாம் நம்பர் பந்தைச் சுத்தித் தள்ளுற கூட்டத்துக்குள்ள பக்கவாட்டுல நுழையறாரு. பின்னால இருந்து வரச் சொல்லுங்க.”

“சரிங்க சார்.”

அவ்வளவுதான். கேப்டன் கேட்டது முடிவை மாற்ற அல்ல, அடுத்த பெனால்டியைத் தவிர்க்க. முடிவு மாறுவதற்கு வழி மிகக் குறைவு. உதவி நடுவர் கொடி காட்டினாலோ, பெரிய ஆட்டங்களில் டி.எம்.ஓ. என்ற வீடியோ நடுவர் எதையாவது பார்த்தாலோதான் ரெஃப்ரி மாற்றிக்கொள்வார். அரூரிலோ பர்கூரிலோ ஒரு பள்ளி மைதானத்தில் டி.எம்.ஓ. ஏது?

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் அங்கே நிறைய. வெளியூர் ரெஃப்ரிக்குப் புரியாது என்று நினைத்து முனகிவிடாதீர்கள். வார்த்தை புரியாவிட்டாலும் கை விரிப்பு, முகச் சுளிப்பு, பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பது எல்லாம் எந்த மொழிக்காரருக்கும் புரியும். அதற்கும் அதே 10 மீட்டர்தான்.

‘உங்களைச் சொல்லல சார், அவனைத்தான் சொன்னேன்’ என்ற சமாதானமும் எடுபடாது. 2013 மே மாதம் டிவிக்கன்ஹாமில் நடந்த இங்கிலாந்து பிரீமியர்ஷிப் ஃபைனலில் நார்தாம்ப்டன் கேப்டன் டிலன் ஹார்ட்லி, பாதி ஆட்டம் முடிவதற்குச் சற்று முன் ரெஃப்ரி வெய்ன் பார்ன்ஸைத் திட்டியதாக சிவப்பு அட்டை வாங்கினார். எதிர் டீம் வீரரைத்தான் திட்டினேன் என்று விசாரணையில் சொன்னார், ஏற்கவில்லை. 11 வாரத் தடை. அந்த ஃபைனலை எதிர் டீமான லெஸ்டர் 37-17 என்று வென்றது. அதோடு, தேர்வாகியிருந்த லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டு அணி) டீமின் ஆஸ்திரேலியப் பயணமும் கைநழுவியது. ஒரு வாக்கியத்துக்கு இத்தனை விலை.

அட்டை எப்படி முடிவாகிறது

கபடியிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் உண்டு, மஞ்சளுக்கு 2 நிமிடம் வெளியே. டீமுக்கு 7 பேர் ஆடும் செவன்ஸ் ரக்பியிலும் மஞ்சளுக்கு அதே 2 நிமிடம்தான். ஆனால் கபடி ஆட்டம் 40 நிமிடம், செவன்ஸ் ஆட்டமோ 14 நிமிடம். ஏழில் ஒரு பங்கு நேரம் 6 பேர் 7 பேரை எதிர்த்து முழு மைதானத்தையும் காக்க வேண்டும். 15 பேர் ஆட்டத்தில் மஞ்சளுக்கு 10 நிமிடம். ஒரே ஆட்டத்தில் ரெண்டாவது மஞ்சள் வாங்கினால் அது சிவப்பு.

அட்டைக்கு அதிகம் ஆளாவது கபடிப் பழக்கம்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கபடியில் ரெய்டரை ஓடிவந்து தோளால் இடித்து வெளியே தள்ளும் ‘டேஷ்’ கைதட்டல் வாங்கும். ரக்பியில் கையைச் சுற்றிப் பிடிக்க முயலாமல், பந்து வைத்திருப்பவரைத் தோளால் மட்டும் இடித்து வீழ்த்தினால் ஃபவுல் பிளே. அதே தோள் முகத்திலோ தலையிலோ பட்டால் சிவப்பு வரை போகும். ரெய்டரை அப்படியே தூக்கிப்போடும் பழக்கமும் ஆபத்து. தூக்கப்பட்டவரின் தலையோ தோளோ முதலில் தரையில் படும்படி இறக்கினால் கடுமையான குற்றம். காலைப் பிடித்து வீழ்த்துவது மட்டும் தாராளமாக இங்கேயும் செல்லும், கைகள் சுற்றியிருந்தால் சரி.

தலையில் பட்டால் ரெஃப்ரி வரிசையாகச் சில கேள்விகள் கேட்டுக்கொள்வார். தலையில் பட்டதா? அது ஃபவுல் பிளேயா? ஆபத்து எவ்வளவு, வேகமாக வந்தாரா, நேராக மோதினாரா? தண்டனையைக் குறைக்கக் காரணம் உண்டா, பந்து வைத்திருந்தவர் கடைசி நொடியில் சட்டென்று குனிந்தாரா? “வேணும்னே பண்ணினாயா” என்பது மட்டுமே இதில் தீர்மானிப்பதில்லை, கவனமில்லாமல் செய்ததும் ஃபவுல் பிளேதான். அதனால்தான் “தெரியாம பட்டுடுச்சு சார்” என்று கெஞ்சுவதில் பயன் இல்லை. அது பொய் என்று ரெஃப்ரி நினைப்பதில்லை. அவர் முக்கியமாக அளப்பது ஆபத்தை.

2023 உலகக் கோப்பை ஃபைனலில் ரெண்டு கேப்டன்களுமே தலையில் பட்ட டேக்கிளுக்கு மஞ்சள் வாங்கினார்கள். ரெண்டும் ‘பங்கர்’ எனப்படும் வெளி அதிகாரியிடம் போயின. ரெஃப்ரி மஞ்சளைக் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார், அந்த அதிகாரி 8 நிமிடத்துக்குள் வீடியோவைப் பார்த்துச் சொல்வார். நியூசிலாந்தின் சாம் கேனுக்கு அது சிவப்பாக உயர்ந்தது, தென்னாப்பிரிக்காவின் சியா கொலிசிக்கு மஞ்சளோடு நின்றது. ஆண்கள் உலகக் கோப்பை ஃபைனலில் வெளியேற்றப்பட்ட முதல் வீரர் கேன். நியூசிலாந்து 12-11 என்று ஒரே பாயிண்டில் தோற்றது. ஒரே குற்றத்துக்கு ரெண்டு தீர்ப்பா என்று நம் ஊர் டீக்கடை வரை கேட்கலாம். மேலே சொன்ன கேள்விகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் வித்தியாசம் வேகத்திலும் மோதிய விதத்திலும் இருப்பது தெரியும்.

ஒருவர் தப்புக்கு இன்னொருவர் வெளியே போவதும் உண்டு என்பது புதியவர்களுக்கு அநியாயமாகத் தோன்றும். ஒரே டீம் திரும்பத் திரும்பப் பெனால்டி கொடுத்தால் ரெஃப்ரி கேப்டனைக் கூப்பிட்டு எச்சரிப்பார். அதன் பிறகு அதே தவறைச் செய்பவர், அது அவருடைய முதல் தவறாக இருந்தாலும் மஞ்சள் வாங்கலாம். எச்சரிக்கை வந்ததை டீம் முழுக்கச் சொல்லாத கேப்டன்களால்தான் இது நடக்கிறது.

விசில் பிடிக்கும் பி.டி. சார்களுக்கு

நம் மாவட்டங்களில் விசில் பிடிப்பவர் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர்தான், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். “இன்னொரு தடவை பேசினா கார்டுதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த தடவை விட்டுவிடாதீர்கள். முதல் முணுமுணுப்புக்கு ஒரு பார்வை, அடுத்து கேப்டனிடம் ஒரு வார்த்தை, அதற்கு மேல் பெனால்டி அல்லது 10 மீட்டர். இந்த ஏணியில் ஏறத் தொடங்கினால் பாதியில் இறங்கக் கூடாது. பதிலுக்குக் கத்தவும் வேண்டாம். நாடுகளுக்கிடையிலான நூறு டெஸ்ட் ஆட்டங்களுக்கு நடுவராக இருந்த வேல்ஸின் நைஜல் ஓவன்ஸ், கேப்டன்களைக் கூப்பிட்டு நாலு வார்த்தையில் முடிப்பதற்குப் பெயர் பெற்றவர். தவறாக ஒரு முடிவு கொடுத்துவிட்டதாகத் தோன்றினால் அதை ஈடுகட்ட எதிர்ப்பக்கம் ஒரு பெனால்டி ஊதுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் ஒவ்வொரு விசிலுக்கும் பேரம் நடக்கும்.

கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச்சும் பெற்றோரும் இதிலிருந்து தப்பவில்லை. 2021-ல் லயன்ஸுக்கு எதிரான முதல் டெஸ்டுக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் ரக்பி இயக்குநர் ரஸ்ஸி எராஸ்மஸ், ரெஃப்ரி நிக் பெர்ரியின் முடிவுகளை விமர்சித்து எடுத்த ஒரு மணி நேரத்துக்கும் அதிகமான வீடியோ வெளியே வந்தது. எல்லா ரக்பி வேலைகளிலிருந்தும் 2 மாதம், ஆட்ட நாள் பொறுப்புகளிலிருந்து 2022 செப்டம்பர் இறுதி வரை தடை. அந்த 2023 ஃபைனலை நடத்திய பார்ன்ஸுக்கும் அவர் குடும்பத்துக்கும் இணையத்தில் கொலை மிரட்டல்கள் வந்தன. சில நாளில் ஓய்வை அறிவித்தார். ஆட்டம் முடிந்த கையோடு ரெஃப்ரியின் படத்தைப் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் திட்டுகிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அதை நிறுத்தியே ஆக வேண்டும். இன்று திட்டு வாங்கும் ஆசிரியர் அடுத்த ஞாயிறு விசிலோடு வராவிட்டால் ஆட்டமே இல்லை.

சிவப்பு வாங்கியவர் மைதானத்தை விட்டுப் போனதோடு விஷயம் முடியாது. ரெஃப்ரி அறிக்கை எழுதுவார், ஒழுங்குக் குழு விசாரிக்கும். உலக அளவில் ரக்பியை நிர்வகிக்கும் வேர்ல்டு ரக்பியின் தண்டனைப் பட்டியலில் நடுவரை அவமதித்தால் குறைந்தபட்ச நிலையிலேயே 2 வாரம், வாயால் திட்டினால் 6 வாரம், மிரட்டினால் 12 வாரம். உடல்ரீதியாகத் தாக்கினால் 24 வாரத்தில் தொடங்கி ஆயுள் தடை வரைக்கும் போகும். 1996-ல் இங்கிலாந்துக் கோப்பை ஃபைனல் முடிந்ததும் ரெஃப்ரியைத் தள்ளிவிட்ட லெஸ்டர் வீரர் நீல் பேக்குக்கு 6 மாதம் கிடைத்தது. விசாரணைக்குப் போகும்போது ஆசிரியரைக் கூட அழைத்துப் போங்கள், செய்தது தவறென்றால் முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்வது, முன்பு எந்தப் புகாரும் இல்லாதது, நடந்துகொள்ளும் விதம் இவற்றையெல்லாம் பார்த்துத் தண்டனையைப் பாதி வரை குறைக்கக் குழுவுக்கு இடம் இருக்கிறது.