சூடேறி அணைந்துபோகும் லேப்டாப்: எங்கே பார்ப்பது?

லேப்டாப்பின் முக்கியக் கணிப்புச் சிப்பான பிராசசர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால்தான் லேப்டாப் பட்டென்று அணையும். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் 'யூ' இருந்தால் அது இழுக்கும் மின்சாரம் பொதுவாக 15 வாட், 'ஹெச்' என்றால் அதைவிடக் கூடுதல், பலவற்றில் 45 வாட். ஹெச் வகை இயல்பிலேயே கூடுதலாகச் சூடாகும்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் வெப்பநிலையைக் கவனியுங்கள். 60, 70 டிகிரியிலேயே அணைந்தால் பேட்டரியையும் சார்ஜரையும் சந்தேகியுங்கள். ஃபேனைக் கழற்றிப் பயனில்லை.

95-ஐத் தாண்டுகிறதா? பெரும்பாலும் தூசிதான். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் (பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளுக்கும் நடுவே அது கம்பளம்போல் படிந்து காற்றை மறிக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. பவரை அணைத்து, அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஃபேன் இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

தூசி போயும் சூடு குறையாவிட்டால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ஹீட்சிங்கைக் கழற்றி, பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சிப் முழுவதும் மெல்லிய படலமாகப் புதியதைத் தடவுங்கள். ஹீட்சிங்கைத் திரும்ப வைத்து, அதன் திருகுகளை எண் வரிசைப்படி, சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால் சிப்பின் ஓரம் உடையக்கூடும்.