நம்ம டீமைத் திட்டுவது எப்படி

2021 ஜூலையில், டோக்கியோ ஒலிம்பிக்கில், இந்திய ஹாக்கி அணி ஆஸ்திரேலியாவிடம் 7-1 என்று அடி வாங்கியது. ஆட்டம் முடிந்த கையோடு தம்பிக்கு போன் போட்டு, "எழுதி வச்சுக்கோடா, இந்த டீம் காலிறுதியோட மூட்டை கட்டிடும்" என்றேன். அவன் நிஜமாகவே எழுதி வைத்துக்கொண்டான். பதினோரு நாள் கழித்து அதே அணி ஜெர்மனியை 5-4 என்று வீழ்த்தி, 41 ஆண்டுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் வாங்கியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தத் தாளின் போட்டோ வந்தது. கூடவே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, படுபாவி.

நான் தொழிலில் கணக்கு எழுதுகிறவன். அடுத்தவன் வரவு செலவைப் பைசா பிசகாமல் பார்ப்பேன். சொந்த டீம் விஷயத்தில் மட்டும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டோவுக்குப் பிறகுதான் ஒரு நோட்டுப் போட்டோம். எனக்கு ஹாக்கி, இந்தியா. அவனுக்கு ஃபுட்பால், அர்ஜென்டினா. டீமைத் திட்டக் கூடாது என்று இல்லை. திட்டத்தான் வேண்டும். ஆனால் கணக்கு பார்த்துவிட்டுத் திட்ட வேண்டும். அதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன்.

முதல் வேலை, ஆட்டம் தொடங்குவதற்கு முன் இரண்டு வரி எழுதுவது. யார் ஜெயிப்பார்கள் என்று ஒரு வரி, ஏன் என்று ஒரு வரி. அந்த ஏன் தான் முக்கியம், அது சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். "மனசு சொல்லுது" செல்லாது. "பசங்க வெறியோட இருக்காங்க" அதுவும் செல்லாது. "எதிரணியின் முதல் டிராக் ஃபிளிக்கர் காயத்தில் இருக்கிறார், அதனால் பெனால்டி கார்னரில் கோல் வராது" என்றால் செல்லும். (பெனால்டி கார்னர், எதிரணி தப்பு செய்தால் ஹாக்கியில் கிடைக்கும் கோல் வாய்ப்பு. டிராக் ஃபிளிக்கர், அதில் பந்தை மட்டையால் இழுத்து வீசி கோலுக்கு அடிக்கிறவர்.) ஆட்டம் முடிந்ததும் முதலில் அந்தக் காரணத்தைத்தான் சரிபார்க்க வேண்டும், ஸ்கோரை அப்புறம். காரணம் சரி, முடிவு தப்பு என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை, விளையாட்டென்றால் அப்படியும் நடக்கும். காரணம் தப்பு, முடிவு சரி என்பதுதான் ஆபத்து. அன்றைக்கு நாம் பெரிய நிபுணர் மாதிரி நடமாடுவோம், அடுத்த ஆட்டத்துக்கும் அதே தப்பான காரணத்தைத் தூக்கிக்கொண்டு வருவோம். என் நோட்டில் முதல் ஆறு மாதம் அந்த வகைதான் அதிகம்.

அடுத்தது, கோலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்ப்பது. இங்கே இரண்டு ஆட்டத்துக்கும் வழி வேறு வேறு.

ஃபுட்பாலில் கோல் அபூர்வமாக விழுகிறது. தொண்ணூறு நிமிடம் ஓடி ஒரே ஒரு கோல் விழுந்தால், அந்த ஒன்றை வைத்து முழு அணியையும் எடை போடுகிறோம். 2022 மார்ச்சில் இத்தாலி வடக்கு மாசிடோனியாவிடம் 1-0 என்று தோற்று உலகக் கோப்பைக்கே போக முடியாமல் நின்றது நினைவிருக்கும். முந்தைய ஆண்டுதான் ஐரோப்பிய சாம்பியன் ஆன அணி. அன்று இத்தாலி அடித்த ஷாட் 32. எதிரணி தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் தூரத்திலிருந்து ஒன்று அடித்தது, உள்ளே போய்விட்டது. "அதிர்ஷ்டமே இல்ல அண்ணே" என்றான் தம்பி. எத்தனை ஷாட் என்று கேட்டால் போதாது, எங்கிருந்து அடித்த ஷாட் என்று கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த முப்பத்திரண்டில் கோல்கீப்பருக்கு வேலை வைத்தவை சொற்பம்.

அதற்குப் பிறகு அவன் ஒரு முறை கண்டுபிடித்தான். ஒரு தாளில் பெனால்டி பாக்ஸை வரைந்துகொள்வான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அடித்த இடத்தில் ஒரு புள்ளி. காலால் அடித்தால் புள்ளி, தலையால் முட்டினால் பெருக்கல் குறி. ஆட்டம் முடிந்ததும் தாளைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். கோலுக்கு நேரே, பக்கத்தில் புள்ளிகள் குவிந்திருந்தால் அணி நன்றாக ஆடியிருக்கிறது, தோற்றிருந்தாலும். பாக்ஸுக்கு வெளியே சிதறிக் கிடந்தால் ஜெயித்திருந்தாலும் கவலைப்பட வேண்டும். டிவியில் எக்ஸ்ஜி என்று ஒரு எண் காட்டுகிறார்களே, அதுவும் இதே வேலையைத்தான் இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்புப் போட்டுக் கூட்டுகிறார்கள். ஒரு பெனால்டிக்கே முக்கால் கோலுக்குக் கொஞ்சம் மேலேதான் மதிப்பு. தம்பிக்குக் கையால் புள்ளி வைத்தால்தான் தூக்கம் வரும்.

அந்தத் தாள் அவனைக் காப்பாற்றியது 2022 நவம்பரில். அர்ஜென்டினா 36 ஆட்டமாகத் தோற்காமல் வந்து, உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 2-1 என்று விழுந்தது. உலகமே சிரித்தது. அவன் தாளில் முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா வலைக்குள் போட்ட மூன்று பந்து ஆஃப்சைடு என்று அடிக்கப்பட்டிருந்தது. சவூதியின் இரண்டு கோலும் இரண்டாம் பாதி தொடங்கி பத்து நிமிடத்துக்குள் வந்தவை. "நாங்க மோசமா ஆடல, ஒரு ஸ்டெப் சீக்கிரம் ஓடினோம்" என்று எழுதி வைத்தான். எனக்கு அது அழுகையை மறைக்கும் சால்ஜாப்பாகப் பட்டது. இருபத்தாறு நாள் கழித்துக் கோப்பை அவர்கள் கையில். 2010இல் ஸ்பெயினும் இப்படித்தான், முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் தோற்றுவிட்டுக் கோப்பையோடு போனது.

ஹாக்கிக்கு இந்தப் புள்ளி முறை சரிப்படாது. கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டத்தை டி என்போம், அந்த டி-க்குள்ளிருந்து அடித்தால்தான் கோல், அந்தக் கோடே கோலிலிருந்து 14.63 மீட்டரில் இருக்கிறது, ஆகவே தூரத்து ஷாட் என்ற பேச்சே இல்லை. நான் இரண்டே இரண்டு எண்களைக் குறிக்கிறேன். டி-க்குள் எத்தனை முறை பந்தோடு போனோம், எத்தனை பெனால்டி கார்னர் வாங்கினோம். இதே இரண்டும் எதிரணிக்கு. அவ்வளவுதான். பெனால்டி கார்னரில் தடுக்க கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு ஓடிவிட வேண்டும். ஒரு நல்ல டிராக் ஃபிளிக்கர் இருந்தால் மோசமாக ஆடுகிற அணிகூட ஜெயித்துக்கொண்டே இருக்கும், அவர் ஒரு நாள் சறுக்கினால் ஓட்டை எல்லாம் வெளியே தெரியும்.

அந்த டோக்கியோ வெண்கல ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னர் 13. அதில் கோலானது ஒன்று. கடைசி சில விநாடியில் கிடைத்ததை நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார், அந்தப் படம் எல்லார் மனதிலும் இருக்கிறது. 13க்கு 1 என்பதைப் பார்த்து "செம லக்" என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், கண்ணைப் பந்தில் வைக்காமல் கோல் லைனிலிருந்து முதலில் பாய்ந்து ஓடுகிறவர் மேல் வையுங்கள். அமித் ரோஹிதாஸ். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிற பந்தை நோக்கி ஒரு மனிதன் வேண்டுமென்றே ஓடுகிறான். ஹாக்கியில் எனக்குப் பிடித்த காட்சி எது என்று கேட்டால் கோல் எதையும் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதியில் ரெட் கார்டு வாங்கி அவர் அரையிறுதியில் உட்கார நேர்ந்தது. அதே ஜெர்மனி, பெனால்டி கார்னரில் சமன் செய்தது, கடைசியில் 3-2 என்று ஜெயித்தது. அவர் இருந்திருந்தால் என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். தம்பி ஓரத்தில் "நிரூபிக்க முடியாது" என்று சிவப்பு மையில் எழுதினான். சரிதான். ஆனாலும் கிழிக்கவில்லை.

கார்டு பற்றி ஒரு சின்ன விஷயம். ஹாக்கியில் கிரீன் கார்டு என்றால் இரண்டு நிமிடம் வெளியே, மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து. ஆட்டமே பதினைந்து நிமிடக் குவார்ட்டர் நான்கு. அந்த நிமிடங்களைத் தனியாகக் குறியுங்கள். கடைசிக் குவார்ட்டரில் கோல் வாங்கிவிட்டு "ஸ்டாமினா இல்ல" என்று திட்டுகிறோமே, பாதி நேரம் அங்கே ஆள் ஒருவர் குறைவாக இருந்திருப்பார்.

ஹாக்கியின் ஷூட் அவுட், ஃபுட்பாலின் பெனால்டி ஷூட் அவுட் இரண்டையும் நோட்டில் டிரா என்றுதான் எழுத வேண்டும். இதில் எனக்கும் அவனுக்கும் பெரிய சண்டையே நடந்தது. 2023 உலகக் கோப்பையில் சொந்த மண்ணில் இந்தியா நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் வெளியேறியது. எல்லாரும் ஷூட் அவுட்டில் தவறவிட்டவர்களைத் திட்டினார்கள். நான் திட்டியது வேறு இடத்தில். 2-0, 3-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 3-3 ஆக விட்டார்களே, குற்றம் அங்கே. எட்டு விநாடியில் கோல்கீப்பரை ஏமாற்றும் வித்தையை வைத்து ஒரு மணி நேர ஆட்டத்தை மதிப்பிட முடியாது. இதே நியாயப்படி, பாரிஸில் பிரிட்டனுக்கு எதிராகப் பத்துப் பேராக நாற்பது நிமிடத்துக்கு மேல் நின்று, ஷூட் அவுட்டில் ஜெயித்த ஆட்டத்தையும் 1-1 என்று எழுதினேன். கை கூசியது.

"அப்ப எங்க 2022 ஃபைனல்?" என்றான்.

"பிரான்ஸோட 3-3. டிரா."

"கப்பு?"

"கப்பு உங்களுதுதான். நோட்டுல டிரா."

இரண்டு நாள் பேசவில்லை.

இதெல்லாம் ஓர் ஆட்டத்துக்கு. ஒரு சீசனையோ பல வருடத்தையோ பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டுமென்றால், பயிற்சியாளர் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். இங்கிலாந்து லீகில் செல்சி 2015இல் சாம்பியன், 2016இல் பத்தாவது இடம், 2017இல் மறுபடி சாம்பியன். ஒரு மேனேஜரை நடுவில் அனுப்பினார்கள், புதியவர் வந்தார், கப் வந்தது, ஆகவே மேனேஜர்தான் எல்லாம் என்று கதை முடிந்தது. பத்தாவது இடத்தில் முடித்ததால் அடுத்த சீசனில் அவர்களுக்கு ஐரோப்பியப் போட்டியே கிடையாது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. வாரம் முழுக்க ஓய்வு, வாரக்கடைசியில் லீக். 2016இல் 5000க்கு 1 என்று பந்தயக்காரர்கள் விலை வைத்த லெஸ்டர் கப் அடித்தபோதும் இதே நிலைமைதான். அடுத்த வருடம் லெஸ்டர் சாம்பியன்ஸ் லீகில் காலிறுதி வரை போனது, லீகில் 12ஆவது இடத்துக்குச் சரிந்தது. நடுக்களத்தையே தோளில் சுமந்த காண்டே செல்சிக்குப் போயிருந்தார். கப் வாங்கித் தந்த மேனேஜர் ரனியேரியை ஒன்பது மாதத்தில் அனுப்பிவிட்டார்கள்.

ஆக, சீசன் தொடங்குமுன் மூன்று கேள்வி. யார் போனார்கள், வாரத்தின் நடுவில் ஆட்டம் உண்டா, போன வருடம் யாருக்கும் காயமே வராமல் தப்பித்தார்களா. பயிற்சியாளரை மாற்றினால் அணி எழும் என்பதில் ஒரு மாயை இருக்கிறது. அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான் மாற்றுகிறார்கள். அங்கிருந்து மேலே வராமல் எங்கே போகும்?

நீண்ட காலச் சரிவைப் பற்றிப் பேசும்போது ஒரே காரணத்தைச் சொல்கிறவரை நம்பாதீர்கள். இந்திய ஹாக்கி என்றாலே "செயற்கைத் தரை வந்துதான் கெடுத்தது" என்பார்கள். பாதி உண்மை. 1976 மான்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தது, இந்தியா ஏழாவது இடம். ஆனால் 1980இல் தங்கம் வாங்கியதும் செயற்கைத் தரையில்தான், பல பெரிய அணிகள் வராத போட்டி என்றாலும். 2008இல் ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாததற்கும் 2012இல் கடைசி இடத்தில் நின்றதற்கும் 1976ஐ இழுத்தால் எப்படி? தரை ஒரு பத்து வருடத்துக்குச் சாக்காக இருக்கலாம். மிச்சத்துக்கு வேறு ஆளைத் தேட வேண்டும்.

கருத்தை மாற்றிக்கொள்ள ஒரு வரம்பும் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஐந்து ஆட்டம். ஐந்திலும் எண்கள் ஒரே திசையில் போனால் மாற்றலாம், அதுவரை பழைய கருத்தே நிற்கும். நடுவர்களைத் திட்ட மட்டும் வரம்போ எண்ணோ தேவையில்லை, அந்தச் சுதந்திரத்தை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பெனால்டியைத் தவறவிட்டவரின் குடும்பத்தை இழுப்பவர்கள் எங்கள் நோட்டில் கை வைக்க முடியாது.

திட்டும்போது ஒரு முடிவைப் பிடித்துத் திட்டுங்கள். "இவன் வேஸ்ட்" என்று எழுதினால் அடுத்த வாரம் அவனே இரண்டு கோல் போடுவான். "3-1 இல் இருக்கும்போது பந்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஏன் நீளமாக அடித்துக் கொடுத்தார்கள்" என்று எழுதினால் பத்து வருடம் கழித்துப் படித்தாலும் அது நிற்கும்.

முதல் வருடம் பென்சிலில் எழுதினோம். ஆட்டம் முடிந்த பிறகு அவன் பக்கத்தில் மட்டும் ரப்பர் துகள் கிடப்பதைப் பார்த்து பேனாவுக்கு மாறினோம். இப்போது விசிலுக்கு முன்னால் எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும், அனுப்பாதவருக்கு அன்று திட்ட உரிமை கிடையாது. நோட்டின் முதல் பக்கத்தில் அவன் அந்த டோக்கியோ தாளை ஒட்டி வைத்திருக்கிறான். "காலிறுதியோட மூட்டை" என்ற வரிக்குக் கீழே, தேதி போட்டு, என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டான்.