நூலகத்தில் கலை, மரபுப் பேச்சு நடத்துகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளூர்க் கலை, இசை, கைவினை பற்றி நூலகத்தில் மாதக் கூட்டம் நடத்த எங்கள் பக்கத்தில் இளைஞர்கள் பலர் முன்வருகிறார்கள். வாசகர் வட்டம் தொடங்கிய புதிதில் நாங்கள் இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. மைக், நாற்காலி, குடிநீர் எல்லாம் முதல் கூட்டத்திலேயே பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேச வந்தவரின் நேரத்தை மேடை தின்றுவிடுவது

இதை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எந்த அழைப்பிதழை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். வரவேற்புரை ஒருவர், தலைமை ஒருவர், முன்னிலை நாலு பேர், வாழ்த்துரை அஞ்சு பேர், அப்புறம்தான் சிறப்புரை. யாரைக் கேட்க ஊர் திரண்டு வருகிறதோ, அவர் பெயர் நன்றியுரைக்கு மேலே ஒரு வரியில் இருக்கும்.

ஒரு கிளை நூலகத்துக்கு நாகஸ்வரம் செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்திருந்தார்கள். ஆச்சா மரத் துண்டுகள், துளையிடும் கருவிகள், திமிரி, பாரி என்ற இரண்டு வகை நாகஸ்வரத்திலும் ஒவ்வொன்று, வாயில் வைத்து ஊதும் சீவாளி ஒரு கொத்து என்று பை நிறையக் கொண்டுவந்தார். கூட்டம் 5 மணிக்கு. அவர் கைக்கு மைக் வந்தபோது மணி 6:40. ஏழு மணிக்கு நூலகத்தைப் பூட்ட வேண்டும். அதுவரை பேசியவர்கள் எல்லோரும் நாகஸ்வரம் தமிழர் பெருமை என்று சொன்னார்கள். அது எப்படி உருவாகிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர் மேடை ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சீவாளியை நனைத்துப் பதம் பார்க்கவே நேரம் வேண்டும். அவசரத்தில் அவர் ஊதிய முதல் சுரம் பிசிறியது. வந்தவர்கள் கைதட்டினார்கள், அவர் முகம் வாடிவிட்டது. உடனே பொன்னாடை, குழுப் புகைப்படம், நன்றியுரை. முடிந்தது.

அன்றைக்கு என்னவெல்லாம் கிடைத்திருக்கும்! 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் பச்சை மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், வயதேறிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். குட்டையான திமிரிக்குச் சுருதி அதிகம். நாகஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிய பாரி நீளமானது, சுருதி தாழ்ந்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஊதிக் காட்டினால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் புரியும். துளையில் மெழுகு வைத்துச் சுருதியைத் திருத்துவதைக் கிட்டே நின்று பார்த்திருக்கலாம். எல்லாம் போச்சு.

பேராசிரியருக்கு நேரம் குறைந்தால் கட்டுரையைச் சுருக்கிப் பேசிவிடுவார். கைவினைஞருக்கு அந்த வசதி கிடையாது. அவர் அறிவு கையில் இருக்கிறது. கை செய்து காட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு ஆகத்தான் செய்யும். அதனால் நேரத்தை வெட்டினால் அடிபடுவது எப்போதும் அவர்தான். பொது நூலகம் மக்கள் வரியில் நடக்கிறது. 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள். அந்த மாலைப் பொழுதை மரியாதைப் பேச்சுகளுக்குச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? அழைப்பிதழில் பேச்சாளர் பெயரும் தலைப்பும் மட்டும் பெரிதாக வரட்டும். நூலகர் மூன்று நிமிடம் அறிமுகம் செய்தால் போதும். நன்கொடை தந்தவர்கள் பெயரை வாசலில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். கவுன்சிலர் திடீரென்று வந்தால் முன்வரிசையில் உட்கார வைத்து, பெயர் சொல்லி வரவேற்று, கடைசியில் பேச்சாளருக்குப் புத்தகம் வழங்கச் சொல்லுங்கள். மரியாதையும் குறையாது, நேரமும் போகாது. இதையெல்லாம் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பெயர் அச்சாகிவிட்டால் பேசாதே என்று யாரிடமும் சொல்ல முடியாது.

வழிச்செலவைக் கேட்க வைப்பது

பேச வரும் கைவினைஞர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். கேட்கும் முன் கொடுங்கள்.

தலைப்பை அகலமாக வைப்பது

‘செட்டிநாட்டுப் பண்பாடு’ என்று தலைப்பு வைத்தால் வீடு, சமையல், நகை, கல்யாணம் என்று எல்லாவற்றையும் தொட்டு எதிலும் நிற்காமல் பேச்சு போய்விடும். அங்கே தரையில் பதிக்கும் கல்லைப் பற்றி ‘ஆத்தங்குடிக் கல் எப்படி வார்க்கிறார்கள்’ என்று வையுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவது, பின்னால் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்துவது, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்துவது என்று பேச்சு ஒரே இடத்தில் ஆழமாக இறங்கும். இணையத்தில் எடுத்த படங்களைத் திரையில் ஓட்டுவதைவிட ஒரு கல்லைக் கைமாற்றிப் பார்க்க விடுவது நல்லது. அடிப்பக்கம் வழவழப்பாக இல்லாததையும், கண்ணாடி பட்ட மேல்பக்கம் மினுங்குவதையும் விரலே சொல்லிவிடும்.

பறைக்கு நெருப்பு

தோல் பறையைக் காய்ச்ச நெருப்பு வேண்டும். புத்தகங்களுக்குப் பக்கத்தில் மூட்ட முடியாது. திறந்தவெளியில் இடம் பார்த்துவிட்டு அழையுங்கள்.

அலமாரியைத் திறக்காமல் விடுவது

நெசவு பற்றிப் பேச்சு நடக்கும். நெசவு பற்றிய புத்தகங்கள் பத்தடி தள்ளி அலமாரியில் இருக்கும். யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்காக வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர் வேண்டும் என்கிறது. அந்த வாசகர் அன்று மாலை உங்கள் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் ஒரு மேசை போட்டுப் புத்தகங்களைப் பரப்புங்கள், உறுப்பினர் படிவத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

பெயரில்லாத பதிவு

பேச்சாளரின் சம்மதம் கேட்டபின் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே அவர் பெயர், ஊர், தேதி, யாரிடம் தொழில் கற்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஒரு பிரதி நூலகத்துக்கு, ஒரு பிரதி அவர் வீட்டுக்கு. அவர் வீட்டுக்கான பிரதியை அந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.