மணி அடித்த நேரத்தைக் குறித்து வையுங்கள்

ஒரு மடம், ஒரு பிணம், நடுவே கூச்சத்தோடு ஒரு காதல். இந்த மூன்றும் சேர்ந்த, பழங்காலத்தில் நடக்கும் கிறிஸ்தவ மர்ம நாவல் கிடைத்துவிட்டால் எனக்கு வேறெதுவும் ஓடாது. ஆனால் சாதாரணத் துப்பறியும் கதை மாதிரி விறுவிறுவென்று ஓட்டினால் பாதி ருசி போய்விடும்.

முதல் வேலை, கதை நடக்கும் ஆண்டைத் தேடிப் பிடித்து அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் பெரிதாக எழுதுவது. இதைச் செய்யாமல் நான் அசடு வழிந்திருக்கிறேன். சிஸ்டர் ஃபிடெல்மா வரிசையின் முதல் கதை 664-இல் இங்கிலாந்தின் விட்பி மடத்தில் நடக்கிறது. ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது, துறவிகள் தலையை எப்படி மழிப்பது என்று சபையார் உண்மையாகவே கூடி வாதாடிய இடம் அது. ஐரிஷ்காரி ஃபிடெல்மாவுக்கும் சாக்ஸன் துறவி ஈடல்ஃபுக்கும் இடையே ஏதோ அரும்ப, "ஐயோ, கன்னியாஸ்திரி ஆயிற்றே, மாட்டிக்கொள்வாளே" என்று பக்கத்துக்குப் பக்கம் பதறினேன். குருக்களும் துறவிகளும் செய்யும் திருமணம் செல்லாது என்று இரண்டாம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை அறிவித்ததே 1139-இல்தான். 475 வருடம் முந்திக்கொண்டு கவலைப்பட்டிருக்கிறேன்!

அடுத்து, அந்த ஆண்டு 1215-க்கு முன்னா, பின்னா என்று பாருங்கள். அந்த வருடம் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் கொலைக்கும் காதலுக்கும் சேர்த்தே விதி எழுதிவிட்டது. அதற்கு முன்பு, பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தவைத்து, புண் ஆறும் விதத்தைப் பார்த்துக் குற்றவாளியா என்று தீர்மானிக்கும் சோதனைக்குக் குருவே ஜெபம் செய்து கொடுப்பார். சங்கம் அதைத் தடுத்தது. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவத்தைக் குருவிடம் ரகசியமாக அறிக்கையிடும்போது, கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குப் பதவி போகும், கடுமையான மடம் ஒன்றில் ஆயுள் முழுக்கத் தவம் என்றும் விதித்தது. ஆகவே கதையில் குரு வாய் திறக்காமல் இருந்தால் அவர்மேல் சந்தேகப்பட அவசரப்படாதீர்கள். யாரைக் கண்டு ஒதுங்குகிறார், எந்தப் பேச்சு வந்ததும் எழுந்து போகிறார் என்று பாருங்கள். நான் அந்த இடங்களில் மட்டும் ஓரத்தில் ஒரு சின்னச் சிலுவை போடுவேன்.

காதல் பங்கும் அதே சங்கத்தில் இருக்கிறது. திருமணத்தை முன்கூட்டிக் கோவிலில் அறிவிக்க வேண்டும் என்று எங்கும் பொதுவாக்கியது அதுதான். நம் வழக்கில் சொன்னால் ஓலை வாசிப்பு. ஓலை வாசிக்கும் காட்சியை "கல்யாணச் சமாச்சாரம்தானே" என்று தாண்டிவிடாதீர்கள். தடை சொல்ல எழுந்திருப்பவன், எழப்பார்த்து உட்கார்ந்துவிடுபவன் இருவரையும் குறித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் இரண்டாமவன்தான் விஷயம் தெரிந்தவன்.

கணக்கெழுதிப் பிழைத்தவள் நான். நேரம் ஒத்துவராவிட்டால் தூக்கம் வராது. மடத்துக் கதைகளில் கடிகாரம் இருக்காது, ஜெபமணிதான். ஒரு துண்டு அட்டையில் இப்படி எழுதிப் புத்தக அடையாளமாக வைத்திருக்கிறேன்: பிரைம் விடிந்ததும், டெர்ஸ் முற்பகல், செக்ஸ்ட் உச்சி, நோன் பிற்பகல், வெஸ்பர்ஸ் அந்தி, காம்ப்ளின் படுக்கும் முன். இரவுக்கும் விடியலுக்குமான ஜெபங்கள் தனி. பகல் வெளிச்சத்தையே பங்கு போடுவதால் குளிர்காலத்தில் இந்த இடைவெளிகள் சுருங்கிவிடும். "வெஸ்பர்ஸுக்கு எல்லாரும் வந்தார்கள்" என்று ஆசிரியர் போகிற போக்கில் எழுதினால் நின்று ஆள் எண்ணுங்கள்.

இங்கிலாந்துக் கதையென்றால் இன்னும் இரண்டு தெரிந்திருக்க வேண்டும். கோவிலுக்குள் அடைக்கலம் புகுந்தவனுக்கு 40 நாள் கெடு. அதற்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு நாட்டைவிட்டுப் போகச் சத்தியம் செய்யலாம். பிற்பாடு, பைபிளின் 51-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை வாசித்துக்காட்டினால் குருவர்க்கம் என்று கருதித் தூக்கிலிருந்து தப்பவிடும் வழக்கமும் இருந்தது. எழுத்தறியாதவர்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள்! கதையில் ஒருவன் அந்த ஒரு வசனத்தை மட்டும் சரளமாகச் சொன்னால் எனக்குக் காது விடைத்துக்கொள்ளும்.

எங்கே தொடங்குவது? பிரதர் காட்ஃபெல் வரிசை. முதல் நாவல் 1977-இல் வந்தது. மொத்தம் 20 நாவல்கள். சிலுவைப்போருக்குப் போய்வந்து, ஷ்ரூஸ்பெரி மடத்தில் மூலிகைத் தோட்டம் பார்க்கும் வேல்ஸ்காரத் துறவி. பல கதைகளில் அவர் கரைசேர்க்கும் ஒரு இளம் ஜோடி இருக்கும். கதை 1137-இல் தொடங்கி, ஸ்டீஃபன் மன்னருக்கும் பேரரசி மட்டில்டாவுக்கும் நடந்த உள்நாட்டுப் போரோடு நகர்வதால் வரிசை மாற்றாமல் படியுங்கள்.

நீண்ட பிரசங்கப் பக்கங்களை நான் கூசாமல் தாண்டுவேன். துப்பறிபவர் ஜெபித்த மாத்திரத்தில் குற்றவாளி தானே வந்து நிற்கிற கதையை மூடியே வைத்துவிடுவேன். தேவன் துப்பு கொடுப்பது ஆசிரியரின் சோம்பலை மறைக்க அல்ல.

கடைசி இரண்டு அத்தியாயங்களுக்கு முன்னால் நிறுத்துங்கள். அட்டையில் எழுதிய ஆண்டுக்குக் கீழே இரண்டு பெயர் எழுதுங்கள்: கொன்றவர் யார், கைப்பிடிக்கப் போகிறவர் யார். இரண்டாவது எனக்குத் தப்பியதில்லை. முதலாவதை அழிப்பதற்குத்தான் பென்சில்.