நவம்பர்ல ஊட்டிக்கு கிளம்புறீங்களா? நம்ம ஏரியா ஜனங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க இதான்

தீபாவளி முடிஞ்ச கையோட என் போனுக்கு ஒரே கேள்விதான் வரும். "ண்ணா, ஊட்டில பனி கொட்டுதாமே, வண்டி இருக்கா?" டிவில வெள்ளையா ஒரு புல்தரையக் காட்டி மினி காஷ்மீர்னு போட்டிருப்பாங்க, அத பாத்துட்டு தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்னு எல்லா பக்கத்துல இருந்தும் கேப்பாங்க. நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுறவன், 12 வருஷமா நம்ம வடசென்னை குடும்பங்கள ஏத்திக்கிட்டு மலைக்கு போயிட்டு வரேன், காசு சேத்து வருஷத்துக்கு ஒரு தடவ கிளம்புற ஜனங்க அங்க போயி நடுங்கிக்கிட்டோ ஏமாந்தோ திரும்பும்போது எனக்கு மனசே ஆறாது, அதான் இத உக்காந்து டைப் பண்றேன்.

முதல் தப்பு இந்த பனிங்கிற வார்த்தையிலயே இருக்கு. நமக்கு எல்லாமே பனிதான். மார்கழி காலைல எண்ணூர் பக்கம் எதிர்ல வர்ற லாரி தெரியலன்னாலும் பனி, பைக் சீட்டு மேல தண்ணி முத்து முத்தா நின்னாலும் பனி. ஊட்டிக்காரங்க அப்படி சொல்ல மாட்டாங்க. மேகம் இறங்கி ரோட்டையே மறைக்குதே அது மேகமூட்டம், புல்லு மேல ஈரமா நிக்கிறது நீர்பனி, அதே ஈரம் விடியக்காலைல உறைஞ்சு வெள்ளையா உப்பு பூத்த மாதிரி ஆனா அது உறைபனி. டிவில காட்டுறது இந்த மூணாவதத்தான். அது வானத்துல இருந்து கொட்டாது, இருந்த இடத்துலயே தரையில உறையறது. ஊட்டில காஷ்மீர் மாதிரி பஞ்சு பஞ்சா விழும்னு நெனச்சு புள்ளைங்களுக்கு ஆசை காட்டி கூட்டிட்டு போகாதீங்க, பாவம் அதுங்க ரெண்டு நாளும் வானத்தையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கும்.

இத புரிஞ்சுக்கணும்னா ஊட்டியோட அமைப்ப தெரிஞ்சுக்கணும். ஊரு 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, ஆனா மலை உச்சியில இல்ல. சுத்தி மலை, அதுல தொட்டபெட்டா மட்டும் 2,637 மீட்டர், நடுவுல கிண்ணம் மாதிரி பள்ளம், அந்த பள்ளத்தோட அடியில ஏரி. அந்த ஏரிகூட தானா வந்தது கிடையாது, வெள்ளக்காரன் காலத்துல 1824-ல கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் ஓடைங்கள மறிச்சு வெட்ட ஆரம்பிச்சது, தண்ணி எங்க வந்து சேருமோ அங்கதான வெட்டுவாங்க.

இப்ப நம்ம வியாசர்பாடி கணேசபுரம் சப்வேய நெனச்சுக்கோங்க. ஒரு மணி நேரம் நல்லா மழை பெஞ்சா போதும், நாலா பக்கத்து தண்ணியும் அதுல வந்து இறங்கிடும், மேல ரோட்டுல கணுக்கால் அளவு கூட இருக்காது ஆனா சப்வேல பஸ்ஸே மாட்டிக்கும். ஊட்டில ராத்திரி குளிரும் அப்படியேதான் வேலை செய்யுது. மேகம் இல்லாத ராத்திரில தரை தன்னோட சூட்ட எல்லாம் வானத்துக்கு விட்டுடும், தரைய ஒட்டுன காத்து சில்லுன்னு ஆயி கனமாயிடும், கனமான காத்து சரிவுல தண்ணி மாதிரி வழிஞ்சு வழிஞ்சு கிண்ணத்தோட அடிக்கு வந்து தேங்கிடும். விடியக்காலைல மலைச்சரிவுல நிக்கிறவன விட அடியில ஏரிப் பக்கம், ரேஸ்கோர்ஸ் பக்கம், காந்தள் பக்கம் நிக்கிறவனுக்குத்தான் குளிர் ஜாஸ்தி. உசரமா போனா குளிரும்னு நாம நெனப்போம், அது பகலுக்கு சரி, தெளிவான ராத்திரிக்கு தலைகீழ்.

இது தெரியாமதான் ரூம் போடுறதுல தப்பு பண்றாங்க. ஏரி தெரியணும், பஸ் ஸ்டாண்டுக்கு பக்கமா இருக்கணும்னு கேட்டு கிண்ணத்தோட அடியிலயே போடுவாங்க, கூட 70 வயசு பாட்டியும் ஆறு மாச கொழந்தையும் இருக்கும். இளவட்டமா இருந்தா பரவால்ல. வயசானவங்க, மூச்சுத்திணறல் இருக்கிறவங்க, சின்ன புள்ளைங்க கூட வராங்கன்னா சரிவுல கொஞ்சம் மேல, காலைல வெயில் சீக்கிரம் விழுற பக்கமா ரூம் கேளுங்க. புக் பண்ணும்போதே "காலைல எத்தன மணிக்கு ரூம் மேல வெயில் விழும்"னு ஒரு கேள்வி கேட்டாலே போதும், அந்த ஊர்க்காரங்க கரெக்டா சொல்லிடுவாங்க.

ஒரு தடவ மூலக்கொத்தளத்துல இருந்து ஒரு குடும்பத்த கூட்டிட்டு போனேன். அந்த ஆயா ராத்திரி புடவைய தொவச்சு, காலைல காஞ்சிடும்னு வெளிய கொடியில போட்டுட்டாங்க, நம்ம வீட்டு மொட்டை மாடி பழக்கம். விடியக்காலைல எடுக்கப் போனா புடவை மடங்கவே இல்ல, அட்டை மாதிரி வெறப்பா நிக்குது, மடிப்புல எல்லாம் வெள்ளையா பொடி. ஆயா அத தொட்டுட்டு கைய உதறிட்டு "யப்பா இன்னா நெருப்பு மாதிரி சுடுது"ன்னாங்க. அந்த குடும்பத்துகிட்ட மாத்துத் துணி கம்மி. அதனால சொல்றேன், நவம்பர்ல அங்க தொவைக்கலாம்னு நெனச்சு துணி கம்மியா எடுத்துட்டு போகாதீங்க, ரூமுக்குள்ள போட்டாலும் ரெண்டு நாள் ஆனாலும் காயாது.

துணி விஷயத்துல இன்னொண்ணு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல போயி இருக்கறதுலயே தடியான ஜெர்கின் ஒண்ணு வாங்கிட்டு, உள்ள வெறும் பனியனோட வந்துடுவாங்க. ஊட்டில நவம்பர்ல பகல்ல 18, 19 டிகிரி பக்கம் இருக்கும், ராத்திரி 8, 9 டிகிரிக்கு வரும், உறைபனி விழுற ராத்திரில பள்ளத்துல ஜீரோவ தொடும். ஒரே நாள்ல இவ்ளோ ஏறி இறங்குற ஊருக்கு ஒரே ஒரு தடி ஜெர்கின் உதவாது. 11 மணி வெயில்ல வேர்த்து கழட்டிடுவீங்க, வேர்வையில நனைஞ்ச காட்டன் பனியன் நாலு மணிக்கு மேல சில்லுன்னு உடம்புல ஒட்டிக்கும். பனியன், அது மேல ஃபுல் கை சட்டை, அது மேல ஸ்வெட்டர், மழை வந்தா எல்லாத்துக்கும் மேல ஒரு கோட்டு, இப்படி அடுக்கா போட்டா வேணும்போது போட்டுக்கலாம் வேணாம்போது கழட்டிக்கலாம். காது மூடுற குல்லா, சாக்ஸ், ஷூ கட்டாயம். ரப்பர் செருப்போட நீர்பனி புல்லுல நடந்தா கால் விரல் மரத்துப் போயிடும். அப்புறம் குளிருதேன்னு வெயில அலட்சியமா விட்ராதீங்க, உசரத்துல காத்து லேசா இருக்கறதால வெயில் நேரா உறைக்கும், முகமும் உதடும் கருகிடும்.

இப்ப உயிர் போற தப்பு, இத தயவுசெஞ்சு ரெண்டு தடவ படிங்க. குளிருதுன்னு ரூமுக்குள்ள கரி அடுப்போ, பார்பிக்யூ அடுப்போ வெச்சிக்கிட்டு ஜன்னல் கதவெல்லாம் சாத்திட்டு தூங்காதீங்க. கரி எரியும்போது வர்ற கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாத கேஸ், கண்ணு எரியாது, இருமல் வராது, தூக்கத்துலயே ஆள முடிச்சிடும். அணைஞ்சிடுச்சு, வெறும் தணல்தானன்னு நெனைக்கிறதுதான் ரொம்ப ஆபத்து. காத்தே வராத பாத்ரூம்ல கேஸ் கீசர் போட்டு ரொம்ப நேரம் குளிக்கிறதும் அதே கதைதான். குளிருக்கு இன்னொரு கம்பளி கேளுங்க, சுடுதண்ணி பை கேளுங்க, எதுவும் இல்லன்னா எல்லாரும் ஒரே ரூம்ல நெருக்கமா படுத்துக்கோங்க. பசங்களுக்கு ஒரு வார்த்தை, சரக்கடிச்சா சூடு ஏறும்னு நம்புறது தப்பு, தோல் மட்டும்தான் சூடா தெரியும், உள்ள இருக்கிற சூடு வேகமா வெளிய போயிடும், அந்த நிலைமையில வெளிய உக்காந்து கேம்ப் ஃபயர் அணைஞ்சதும் அங்கயே தூங்கிட்டா அவ்ளோதான்.

அடுத்து மழை. நீலகிரில எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல மழைக்காலம் கிடையாது. கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் கிழக்க பாத்த சரிவு, அங்க நமக்கு எப்ப மழையோ அப்பதான் மழை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். நாம மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறுறது அந்த சரிவுலதான். 2009 நவம்பர்ல நீலகிரில ஏற்பட்ட மண்சரிவுல 40 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதனால நம்ம ஊர்ல வெயில் அடிக்குது, மழை விட்டுடுச்சு, கிளம்பலாம்னு முடிவு பண்ணாதீங்க. வங்கக்கடல்ல உருவான தாழ்வு நம்மள தாண்டி மேற்கால நகந்து போகும்போது நமக்கு வானம் வெளுத்துடும், அதே நேரம் குன்னூர்ல ஊத்திக்கிட்டு இருக்கும். காசிமேட்டுக்காரங்க வாடைக்காத்து பாத்துட்டு கடலுக்கு போலாமா வேணாமான்னு பேசுவாங்களே, அது நம்ம கடலுக்கு சரி, மலைக்கு வானிலை மையம் நீலகிரி மாவட்டத்துக்குன்னு தனியா போடுற எச்சரிக்கைய பாருங்க. ஆரஞ்சோ ரெட்டோ போட்டிருந்தா நான் வண்டிய எடுக்க மாட்டேன், அட்வான்ஸ திருப்பிக் குடுத்துடுவேன்.

மலை ரயில நம்பி மொத்த பிளானும் போடுறது இன்னொரு தப்பு. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், குன்னூர் வரைக்கும் 1899-ல வந்துச்சு, ஊட்டிக்கு 1908-ல, 2005-ல யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியல்லயும் சேந்துடுச்சு. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல் சக்கரத்த பிடிச்சு ஏறுற பாதை, இந்த சீசன்ல அந்த பாதையில பாறை உருண்டு தண்டவாளத்துல விழுறது சாதாரணம், உடனே ரயில் ரத்து. சென்ட்ரல்ல ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி காலைல மேட்டுப்பாளையத்துல இறங்கி பாத்தா மலை ரயில் இல்லன்னு போர்டு வெச்சிருப்பாங்க, கைல கொழந்தையோட லக்கேஜோட நிக்கிற எத்தனையோ பேர பாத்திருக்கேன். பஸ்ஸுக்கும் கொஞ்சம் காசு, நேரம் ஒதுக்கி வெச்சுக்கோங்க. ரயில் ஆசைய தீத்துக்கணும்னா குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவுல மட்டும் ஓடுற ரயிலுக்கு டிக்கெட் பாருங்க.

சொந்த வண்டியில போறவங்களுக்கு சுருக்கமா. மேட்டுப்பாளையம் ரோட்டுல இருக்கிற 14 கொண்டை ஊசி வளைவுலயும் ஏறுற வண்டிக்கு வழி விடுங்க, இறங்கும்போது பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வராம செகண்ட் கியர்ல வாங்க, மேகமூட்டத்துல ஹை பீம் போட்டா வெளிச்சம் திரும்பி உங்க கண்ணுலயே அடிக்கும், டிம்ல போங்க. உள்பக்கம் கண்ணாடி வேர்த்தா ஏசிய கண்ணாடிப் பக்கம் திருப்புங்க, துணியால தொடச்சுக்கிட்டே ஓட்டாதீங்க. 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வந்திருக்கு, கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில வழியிலயே புடுங்கிடுவாங்க, ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோங்க. சமைச்சு சாப்பிடுறவங்க குக்கர் எடுத்துட்டு போங்க, அந்த உயரத்துல தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும், திறந்த குண்டான்ல அரிசி வேகறதுக்குள்ள சிலிண்டர் பாதி காலியாயிடும்.

கடைசியா உறைபனி பாக்கணும்னே போறவங்களுக்கு. மழை பெய்யுற ராத்திரியில உறைபனி விழாது, ஏன்னா மேகம் போர்வை மாதிரி மூடி தரையோட சூட்ட வெளிய விடாது. அதனால மழை நாள்ல போயிட்டு "ஒண்ணுமே இல்லயேண்ணா"ன்னு என்னை கேக்காதீங்க. மழை விட்டு வானம் பளிச்சுன்னு ஆகி, ராத்திரி நட்சத்திரம் தெளிவா தெரிஞ்சு, காத்தும் அடிக்கலன்னா அன்னிக்கு விடியக்காலைல பாருங்க. நவம்பர்ல ஆரம்பிக்கும், மழை நீடிச்சா டிசம்பருக்கு தள்ளிப் போகும், ஜனவரில நல்லா இருக்கும். ஒம்பது மணிக்கு டிபன் சாப்பிட்டுட்டு போலாம்னா புல்லு வெறும் ஈரமாத்தான் இருக்கும். நான் அஞ்சரைக்கே எல்லாரையும் எழுப்பி ஆறு மணிக்குள்ள தலைகுந்தா பக்கம் கூட்டிட்டு போயிடுவேன். அங்க தேயிலை, கேரட் போட்டவங்க வயித்துல அடிக்கிற விஷயம் இது, உறைபனி விழுந்து வெயில் பட்டா இலை கருகிடும், தாவரவியல் பூங்காவுல கோத்தகிரி மிலார் செடிய வெட்டிட்டு வந்து நாத்துங்க மேல குடிசை மாதிரி மூடி வெச்சிருப்பாங்க. போட்டோக்காக அத தூக்கிப் பாக்காதீங்க, வயலுக்குள்ள இறங்கி மிதிக்காதீங்க, ரோட்டோர புல்லுலயே வேணுங்கிற அளவு இருக்கும்.

போன வருஷம் காசிமேட்டுல இருந்து வந்த ஒரு பையன், ஏழு வயசு இருக்கும், அவங்க அப்பா ஹார்பர்ல ஐஸ் உடைக்கிற வேலை. வண்டியில இருந்து குதிச்சு ஓடி, குனிஞ்சு ஒரு புல்ல மட்டும் கிள்ளி கண்ணுகிட்ட வெச்சு பாத்தான். புல்லோட ஓரம் பூரா ஊசி ஊசியா நின்னுச்சு. "ப்பா, இது நம்ம ஐஸ் மாதிரி இல்லப்பா, முடி மொளச்ச மாதிரி இருக்கு"ன்னான். அவங்க அப்பாவும் குந்திக்கிட்டு பாத்தாரு. அவன் மூச்சுக்காத்து பட்டதுமே அந்த ஊசிங்க ஒவ்வொண்ணா தண்ணியாச்சு, அதுக்குள்ள மலைக்குப் பின்னால இருந்து வெயில் வந்து புல்தரையோட அந்தக் கோடியில இருந்து வெள்ளை கொஞ்சம் கொஞ்சமா பச்சையாகிட்டே எங்க பக்கம் வந்துச்சு. பையன் அது வர்றதுக்குள்ள இன்னொரு புல்லு கிள்ளணும்னு நிழல் பக்கமா ஓடுனான்.